ஓட்டைச் சிப்பியும் ஓரகத்தியும்

பூமயிலுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது இரண்டாயிரத்து எட்டாம் வருடம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அன்றைக்குத்தான் ராமேஸ்வரத்தில் அவர்கள் குடியிருந்த சந்துக்குள் ஒரு கூரியர் வண்டி நுழைந்தது. நுழைந்த வண்டி பூமயில் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டு வாசலில் நின்றது. அது ராக்குவின் வீடு. ராக்கு பூமயிலுக்கு ஓரகத்தி. கொழுந்தன் சோணைமுத்துவின் பெண்டாட்டி. சோணைமுத்து லாரியில் அடிபட்டுச் செத்துப் பதினாலு வருடம் ஆகிறது. அந்த வீட்டு வாசலில் சட்டையில் கம்பெனிப் பேர் போட்ட ஒருத்தன் இறங்கி, "மேடம், மூணு பார்சல்தானே?" என்று கேட்டான்.

மேடமாம்! கடைக்குப் போகக் கிளம்பியிருந்த பூமயில் பூட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். இருபத்து நாலு வருடமாகச் சிப்பிக் கடை வைத்திருக்கிறாள். காசியிலிருந்து வருகிறவன், கல்கத்தாவிலிருந்து வருகிறவன், எல்லோரிடமும் வியாபாரம் பார்த்திருக்கிறாள். ஒருத்தன்கூட அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை.

பூமயில் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவள் செய்த கூத்தையெல்லாம் கேட்டால் உங்களுக்கு அப்படித்தான் தோன்றும். கமுதிப் பக்கம் மழை பொய்த்துப் போன ஒரு வருடத்தில், கல்யாணமான ஆறாம் மாதம், புருஷன் பூமிநாதனோடு பிழைக்க வந்தவள். கடலையே அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். தலைச்சுமையாகச் சிப்பி மாலை விற்று, பிறகு தரையில் சாக்கு விரித்து விற்று, கடைசியில் கடற்கரைக்குப் போகும் தெருவில் மடத்துக்குச் சொந்தமான ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தாள். எட்டடிக்கு ஆறடி. அவ்வளவுதான் அந்தக் கடை. ஆனால் அந்த எட்டடிக்குள்தான் அவள் யார் என்பதே இருந்தது. ஊரில் அவளைச் 'சிப்பிக்கடைப் பூமயிலு' என்றுதான் சொல்வார்கள்.

சோணைமுத்து செத்தபோது, ராக்குவையும் அவள் மூன்று வயது மகளையும் ஊரிலிருந்து கூட்டிவந்து பக்கத்து வீட்டில் குடிவைத்தவள் பூமயில்தான். சிப்பி பிரிக்கிற வேலை கொடுத்தாள். தீபாவளிக்குச் சேலை, பொங்கலுக்கு அரிசி, பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம். எதைக் கொடுத்தாலும் தெருவில் நாலு பேர் நிற்கும்போது கொடுப்பாள், அது அவளுடைய வழக்கம். "எங்க ராக்கு பாவம், அவளுக்கு யாரு இருக்கா?" என்று சொல்லும்போது அவள் கண்ணில் உண்மையாகவே நீர் கட்டும். ராக்கு பாவமாக இருக்கிறவரைக்கும் பூமயிலுக்கு அவள்மேல் அத்தனை பிரியம்.

சிப்பி பிரிப்பது என்றால் என்ன என்று சொல்லவேண்டும். மண்டபத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் சாக்கு சாக்காகச் சிப்பி வரும். பூமிநாதன் மொபெட்டில் கட்டி எடுத்துவருவான். அதைக் கொட்டி, முழுசாகப் பளபளப்பாக இருப்பதை ஒரு பக்கம், மாலைக்கு ஆகும் சிறுசுகளை ஒரு பக்கம், விளிம்பு உடைந்ததை ஒரு பக்கம் என்று ஒதுக்குவார்கள். அதில் ஒரு ரகம், சிப்பி நன்றாகவே இருக்கும், நிறமும் இருக்கும், ஆனால் உச்சியில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. கடலுக்குள் ஏதோ நத்தை குடைகிறதாம். அதைப் பூமயில் தொடவே மாட்டாள். சாமி கும்பிட வந்தவன் வீட்டுப் பூஜை அறையில் வைக்க வாங்குகிறான், மூளிப் பொருளைக் கொடுத்தால் வாங்குவானா? "கழி, கழி" என்பாள். கொல்லைப்புறத்தில் அது தனிக் குவியலாகக் கிடக்கும். ராக்கு ஒரு நாள், "அக்கா, இதை நான் எடுத்துக்கிறவா?" என்று கேட்டதற்கு, "எடுத்துட்டுப் போ, எனக்குக் குப்பை கொறஞ்சாச் சரி" என்று சொன்னவளும் இதே பூமயில்தான்.

அந்தக் கூரியர் வண்டிக்காரன் போனதும் பூமயில் நேராக ராக்கு வீட்டுக்குள் போனாள்.

"என்னடி அது பார்சலு?"

"நெட்டுல விக்கிறேன்க்கா" என்றாள் ராக்கு, ஒளிவு மறைவு இல்லாமல். "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டரு இருக்குல்ல, நான் காலையில கூட்டிப் பெருக்கப் போவேனே, அந்தச் சலாஹுதீன் தம்பிதான் போட்டோ எடுத்துப் போட்டுக் குடுத்துச்சு."

"சரிடி, என்னத்த விக்கிற?"

"ஓட்டைச் சிப்பி. நீ கழிச்சுப் போடுவேல்ல, அதான். நான் அந்தத் தம்பி கடை வாசலுக்குத் தோரணம் மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருந்தேன். பெங்களூர்லருந்து சுத்திப் பாக்க வந்த ஒரு பொண்ணு அதைப் பாத்துட்டு, இது எங்க கெடைக்கும்னு கேட்டுச்சாம். மாலையும் தோடும் பண்ணி விக்கிற பொண்ணு. நல்ல சிப்பில மெசினை வச்சுத் தொளை போட்டா ரெண்டுக்கு ஒண்ணு வெடிச்சுப் போகுதாம். இதுல கடலே தொளை போட்டுக் குடுத்துருக்குல்ல? அதுமாதிரி கோக்குறவங்க நெறைய இருக்காகளாம்க்கா. நூறு நூறாக் கட்டி அனுப்புறேன்."

பூமயில் சிரித்தாள். வெளியே வந்து சந்து முனை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள். கடையில் உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"என்னைய என்ன கேனச்சின்னு நெனச்சுக்கிட்டாளா?" என்று புருஷனிடம் பொரிந்தாள். "குப்பைய எவனாவது காசு குடுத்து வாங்குவானா? எதையோ மறைக்கிறா. வேற என்னமோ விக்கிறா."

"அவ பொய் சொல்றவ இல்லையே" என்றான் பூமிநாதன்.

"யாவாரத்துல லாபம் வர்ற சரக்கை எவளாவது வாயத் தொறந்து சொல்லுவாளா? நான் சொல்லுவனா?"

இங்கேதான் பூமயில் முதலில் தடுக்கி விழுந்தாள். தான் சொல்லமாட்டாள் என்பதால் ராக்குவும் சொல்லியிருக்கமாட்டாள் என்று முடிவு கட்டிவிட்டாள். பொறாமைக்காரர்களுக்கு இது ஒரு பெரிய கஷ்டம், உண்மையை எதிரில் கொண்டுவந்து வைத்தாலும் அதைத் தூக்கிப் பார்த்து, அடியில் என்ன ஒளித்திருக்கிறது என்று தேடுவார்கள்.

அடுத்த தடவை பார்சல் போகும்போது உதவி செய்கிற சாக்கில் ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். கனமே இல்லை. காதோரம் வைத்து லேசாகக் குலுக்கினாள். கலகலவென்று மெல்லிய சத்தம். கனமில்லாமல், கலகலவென்று, வெளியூர்க்காரன் தேடி வாங்குகிற பொருள் என்ன? பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனிடம் ஓடினாள்.

"முத்துங்க! அவ முத்து விக்கிறா!"

"முத்தா? அடியே, இந்தக் கடல்ல முத்துக் குளிச்சு எம்புட்டு வருசமாச்சு?" என்று பூமிநாதன் தலையில் அடித்துக்கொண்டான்.

முத்து இல்லை என்று ஒரு வாரத்தில் அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் எரிச்சல் அடங்கவில்லை. ராக்கு வீட்டுக்கு மிக்ஸி வந்தது. மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள், அதுவும் பூமயிலிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பூமயிலின் உதவி ஒரு பைசா இல்லாமல். அந்தப் பெண் நல்லா இருக்கவேண்டும் என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டவள்தான் பூமயில். ஆனால் தன் கையால் நல்லா இருக்கவேண்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டாள் போலிருக்கிறது.

ஆவணியில் கமுதிப் பக்கத்தில் ஒரு காதுகுத்து. சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். முன்பெல்லாம் இந்த மாதிரி விசேஷத்தில் ராக்கு அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள், யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். அன்றைக்குப் பந்தலில் ஒரு பெரியம்மா சத்தமாக, "ஏ ராக்கு! என்ன அங்கன ஒளிஞ்சு நிக்கிற? முன்னால வாத்தா, கம்ப்யூட்டர்லலாம் யாவாரம் பண்றயாம்ல!" என்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். உட்காரவைத்த இடம் பூமயிலுக்கும் முன்னால். நாலு பெண்கள் ராக்குவைச் சுற்றிக்கொண்டு, என்னத்த விக்கிற, எப்படி விக்கிற என்று குடைந்தார்கள். அவர்களிடமும் ராக்கு அதையேதான் சொன்னாள், ஓட்டைச் சிப்பி என்று. "எல்லாம் எங்கக்கா குடுத்ததுதான்" என்றும் சொன்னாள். அது பூமயில் காதில் குத்தலாகத்தான் விழுந்தது. திரும்பி வரும்போது பஸ் பரமக்குடி தாண்டியதும் புருஷனிடம், "நானும் நெட்டுல விக்கப் போறேன்" என்றாள்.

சலாஹுதீன் துபாயில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்து பிரவுசிங் சென்டர் வைத்தவன். பொறுமையான ஆள். பூமயில் போய் நின்றதும் நாற்காலி போட்டான்.

"தம்பி, ராக்கு என்ன விக்கிறான்னு நான் கேக்கல. அது ஒங்களுக்குள்ள இருக்கட்டும். நான் என் சரக்கப் போடுறேன். எங்கடையிலயே நல்லா ஓடுற சரக்கு, வெலை ஒசந்த சரக்கு. சிப்பிக் கண்ணாடி."

சுற்றிலும் சிப்பியும் சோழியும் ஒட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி அது. ராமேஸ்வரம் வந்து போன வீடுகளில் கூடத்துச் சுவரில் பார்த்திருப்பீர்கள்.

"அக்கா, கடையில ஓடுறது இங்கயும் ஓடும்னு இல்ல" என்றான் சலாஹுதீன். "அங்க ஆளு நேர்ல வாராரு, தொட்டுப் பாக்குறாரு, கையில தூக்கிட்டுப் போறாரு. இங்க நீங்க அனுப்பணும். கண்ணாடி கனம். ஒடையும். அனுப்புற கூலியே பாதியத் தின்னுடும்."

"வெலை ஒசந்தாத்தானப்பா லாபம் ஒசரும்? அவ நூறு நூறாக் கட்டி விக்கிறதுல வாரது எனக்கு ஒரு கண்ணாடியில வந்துரும்ல?"

"வெலை பெருசா இருந்தா லாபம் பெருசுன்னு நெறையப் பேரு நெனச்சுக்கிறாங்கக்கா. மொதல்ல ரெண்டே ரெண்டு போட்டுப் பாப்போம். போனா மேல பாத்துக்கிருவோம், இன்ஷா அல்லாஹ்."

அவன் ராக்கு பக்கம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ரெண்டு போட்டுப் பார்ப்பதாம்! அவள் நாற்பது போடுவாள். சந்தே அடைத்துக்கொள்கிற மாதிரி பார்சல் போகவேண்டும்.

நாற்பது கண்ணாடிக்கு முதல் எங்கே? பூமயில் செய்த காரியத்தைக் கேளுங்கள். பெரியபட்டினத்துக்காரர் வாவு முகம்மது என்பவர் பையும் பிளாஸ்டிக் சாமானும் விற்க அந்தத் தெருவில் இடம் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தன் கடையை ஒரு வருடத்துக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டாள். ஒரு வருட வாடகையும் மொத்தமாகக் கைக்கு வந்தது. பூமிநாதன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"கண்ணாடி போகலேன்னா நாம எங்கன போயி ஒக்காருறது? திரும்பவும் தரையில சாக்கு விரிக்கவா? அதுக்கு ஒடம்புல தெம்பிருக்கா?" என்று கேட்டான்.

"போகும். அவளுக்குப் போகுது, எனக்குப் போகாதா?"

மதுரையிலிருந்து கண்ணாடி வந்தது. நாலு பெண்களை வைத்து, ஐப்பசி முழுக்க வீட்டிலேயே ஒட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. ஒன்றுகூடக் கோணல் இல்லை. எல்லாம் முடிந்ததும் பெயின்டர் கூத்தையாவைக் கூட்டிவந்து, நாற்பதிலும் கீழ் விளிம்பில் சிவப்பு எனாமலில் எழுதவைத்தாள்: 'ராமேஸ்வரம் நினைவாக.' இந்தியில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி.

சலாஹுதீன் போட்டோ எடுக்க வந்தவன் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டான். "அக்கா... பேரு எதுக்கு?"

"பேரு இல்லாமயா? நல்லாக் கேட்டீங்க தம்பி! பேரு எழுதலேன்னா ஒருத்தன் தொடமாட்டான். இருவத்தி நாலு வருசமாப் பாக்குறேன், 'ஊர் பேரு போட்டுக் குடு, எம் பேரு போட்டுக் குடு'ன்னு வரிசையில நிப்பாக."

"அவங்க இங்க வந்தவங்கக்கா. வந்து போனதுக்கு அடையாளமா வாங்குறாங்க. வீட்டுல ஒக்காந்துக்கிட்டு நெட்டுல வாங்குறவங்க ராமேஸ்வரமே பாத்திருக்க மாட்டாங்க. பாக்காத ஊருக்கு என்னக்கா நெனவு?"

அந்தத் தெருவில் சிப்பி விற்கிற யாரைக் கேட்டாலும் பூமயில் சொன்னதையேதான் சொல்லியிருப்பார்கள். வந்து நிற்கிற யாத்திரைக்காரனைத் தவிர வேறு வாடிக்கையாளனை அந்தத் தெரு கண்டதில்லை. எதிரில் நிற்கிறவன் கேட்பதைத்தான் உலகமே கேட்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் மற்றவர்கள் யாரும் கடையை விட்டுவிட்டு நாற்பது கண்ணாடி செய்யவில்லை.

படம் ஏறியது. பூமயில் தினமும் காலையில் போய்க் கம்ப்யூட்டர் எதிரில் உட்கார்ந்தாள். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் புனேயிலிருந்து ஒரு கேள்வி வந்தது. சலாஹுதீன் படித்துச் சொன்னான்: "எழுத்து இல்லாம கெடைக்குமான்னு கேக்குறாங்க."

"அழகே அதுதான்னு எழுதுங்க" என்றாள்.

புனேக்காரி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சென்னைக்கு ஒன்று போனது. வைக்கோல், செய்தித்தாள், அட்டை என்று சுற்றிச் சுற்றித்தான் கட்டினாள், ஆனால் கடையில் கையில் கொடுத்தனுப்பியே பழகியவளுக்குக் கண்ணாடியை எப்படி ஊர்விட்டு ஊர் அனுப்புவது என்று தெரியவில்லை. நாலு துண்டாக உடைந்த படத்தை அவர்கள் அனுப்பிவைத்தார்கள், காசையும் திருப்பிக் கேட்டார்கள். கோயம்புத்தூருக்குப் போனது உடையாமல் போய், எழுத்தைச் சுரண்டிப் பார்த்த தழும்போடு திரும்பி வந்தது. விலையைக் குறைத்தால் போகும் என்றாள். குறைத்துப் போட்டார்கள். அதிலும் மூன்றுதான் போனது, அனுப்பிய கூலிக்கும் மரப்பெட்டிக்கும் கொடுத்தது போக அவள் கையில் ஒரு கிலோ அரிசி வாங்கக்கூட மிச்சமில்லை. மார்கழி பிறந்தபோது முப்பத்தாறு கண்ணாடி வீட்டுச் சுவர் ஓரமாகச் சாய்ந்து நின்றது. அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் முகமே முப்பத்தாறு தடவை தெரிந்தது. அந்த மூஞ்சியைப் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை.

ராக்கு வீட்டு வாசலுக்கு மட்டும் கூரியர் வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு நாள் பொறுக்கமுடியாமல் சென்டருக்குப் போய்ச் சத்தம் போட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னைய ஏமாத்துறீங்க! அவ சரக்க மேல போட்டுட்டு எஞ்சரக்க அடியில அமுக்கிட்டீங்க! காட்டுங்க, அவ என்ன விக்கிறான்னு காட்டுங்க பாப்போம்!"

சலாஹுதீன் ராக்குவின் பக்கத்தைத் திறந்து காட்டினான். ஒரு பழைய செய்தித்தாள். அதன்மேல் ஒரு குவியல் சிப்பி. ஒவ்வொன்றின் உச்சியிலும் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை. பக்கத்தில் அளவுகோல் ஒன்று வைத்துப் படம் எடுத்திருந்தான். கீழே வாங்கியவர்கள் எழுதிய பாராட்டு ஒரு முழப் பட்டியலாகப் போனது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராக்கு பொய் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், திருட்டுச் சிறுக்கி என்று நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவளோ முதல் நாளே, கேட்ட உடனே, உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். அந்த உண்மைதான் பூமயிலுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து முக்காட்டைப் போட்டுக்கொண்டு படுத்தவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் பூமிநாதன் ஒரு செய்தி கொண்டுவந்தான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றுவதற்கே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான்.

"வாவு முகம்மது பாய் கடையக் காலி பண்ணுறாராம். பை யாவாரம் ஓடலயாம். ஏர்வாடிப் பக்கம் போயிக் கடை போடுறாராம். மிச்சமிருக்கிற மாசத்துக்கு வேற ஆளுக்கு மாத்திவிட்டுட்டாரு."

"யாருக்கு?"

"ராக்குக்கு."

பூமயில் எழுந்த வேகத்தில் ஒரு கண்ணாடி சரிந்து விழுந்தது. தலையை முடிந்தாளோ இல்லையோ, தெருவில் இறங்கிவிட்டாள். பூமிநாதன் பின்னாலேயே ஓடினான். தை அமாவாசைக்கு இன்னும் இரண்டு வாரம்தான். லட்சம் ஜனம் வரும். வருடத்தில் அந்த ஒரு நாளில் கடை திறந்திருந்தால் மூன்று மாதம் பிழைத்துக்கொள்ளலாம். அந்த நாளில் அந்த எட்டடிக்குள் ராக்கு உட்கார்ந்திருப்பாள். தெருவில் போகிறவர்கள் 'சிப்பிக்கடை ராக்கு' என்று சொல்வார்கள். கட்டின சேலையை உருவிக்கொண்டு போனால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கடை வாசலில் ராக்கு நின்றுகொண்டிருந்தாள். ஷட்டர் இறங்கியிருந்தது.

"ஏன்டீ!" என்று தெரு முனையிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள் பூமயில். "எங்குப்பைய அள்ளித் தின்னு கொழுத்தது பத்தாதுன்னு எங்கடையவும் புடுங்க வந்துட்டியா? நீ நல்லா இருப்பியா? ஒன்னையக் கூட்டியாந்து சோறு போட்டதுக்கு எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!"

எதிர்க்கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். ராக்கு அவள் பேசி முடிக்கிறவரைக்கும் பொறுமையாக நின்றாள். மூச்சு வாங்கப் பூமயில் நிறுத்தியதும் கையை நீட்டினாள். கையில் சாவி.

"கடை ஒனக்குத்தான்க்கா எடுத்தேன். வேற ஆளு கைக்குப் போயிருச்சுன்னா ஒனக்குத் திரும்ப வராது. பிடி."

பூமயில் சாவியையும் ஷட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சும்மா ஒண்ணும் குடுக்கல" என்றாள் ராக்கு. "எனக்கும் சரக்கு வேணும். நீ கடைய மூடுனதுலருந்து எனக்கு ஓட்டைச் சிப்பி இல்ல. தங்கச்சிமடத்துல வாங்கிப் பாத்தேன், மண்டபத்துல வாங்கிப் பாத்தேன். ஒடசலு, பாசி புடிச்சது, எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிப் போட்டுடுறாக. ரெண்டு மாசமா எனக்கும் பாதிச் சரக்கு திரும்பி வருது. ஒன் கண்ணு மாதிரிப் பிரிக்க ஒருத்தரும் இல்லக்கா."

"நெசமாவா? ஒனக்கும் திருப்பி அனுப்புறாகளா?" என்று கேட்டாள் பூமயில். அந்தக் கேள்வியில் ஒரு சந்தோஷம் துள்ளிக் குதித்துவிட்டது. அதை அடக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. ராக்கு அதைப் பார்த்துவிட்டாள்.

சாவி இன்னும் நீட்டியபடியே இருந்தது. சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். பூமயிலுக்குக் கை எழவில்லை. வாங்கினால் கடை இருக்கிறது, வாங்காவிட்டால் தரையில் சாக்கு. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், இத்தனை பேர் பார்க்க, இவள் கொடுத்து நான் வாங்குவதா என்று உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு நடுவில், இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தோன்றாத ஒன்று அவளுக்குத் தோன்றியது. நீட்டியிருந்த கையை விட்டுவிட்டு ராக்குவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்டி ராக்கு" என்றாள், குரலைத் தாழ்த்தி. "நான் குடுக்கும்போதெல்லாம் ஒனக்கும் இப்பிடித்தான் எரிஞ்சுச்சா?"

ராக்கு தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லமாட்டாள் என்றுதான் பூமயில் நினைத்தாள். நிமிர்ந்தபோது ராக்குவின் கண் கலங்கியிருந்தது.

"எரிஞ்சுச்சுக்கா. பதினாலு வருசமா எரிஞ்சுச்சு. ஒங்கையால வாங்குற ஒவ்வொரு தடவையும், இவ செத்துத் தொலைய மாட்டாளான்னு நெனச்சுக்கிட்டேதான் வாங்குனேன்."

பூமிநாதன் பயந்துபோய் இரண்டு பேருக்கும் நடுவில் வரப் பார்த்தான். பூமயில் அவனைக் கையால் தள்ளிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"நானுந்தான்டி" என்றாள். "ஆறேழு மாசமாத் தெனமும் அதேதான் நெனச்சேன்."